இரண்டாவது சேலை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் சினிமாவில் போய் நிற்கும். எந்தப் படத்தை எந்தத் தியேட்டரில் பார்த்தோம், வீட்டுக்குத் தெரியாமல் போய் மாட்டிக்கொண்டது யார், கவுண்ட்டர் கம்பிக்குள் கையை விட்டுச் சிராய்த்துக்கொண்டது யார் என்று ஆளுக்கொரு வீரக்கதை இருக்கும். போன மாதம் நம் பள்ளித் தோழிகள் கூடியபோதும் அதுதான் நடந்தது. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்லக்கூடிய படத்தை உங்களில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டீர்கள். திருச்சியில் அது ஒரு வாரம்கூட ஓடவில்லை. இங்கிலீஷ் படம், அதுவும் விஞ்ஞானப் படம். வானத்துக்குப் போய்விட்டுத் திரும்பியவர்கள் தங்கள் வீட்டு வாசலில் தங்களையே பார்க்கிற கதை. அதைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராததற்குக் காரணம் படம் இல்லை, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தவர். அன்று சொல்லாததை இப்போது எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஓட்டு வீடு. அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. விடிவதற்குள் டிபன் கேரியரோடு கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது சட்டையில் இரும்பும் மசகெண்ணெயும் கலந்த வாசம் இருக்கும். அந்த வாசம் வாசலில் நுழைந்தால்தான் எனக்குச் சாயங்காலம் ஆனதாக அர்த்தம். அப்பாவின் அக்கா, கணவரை இழந்தவர், எங்களோடு இருந்தார். வீட்டுச் சாவிக்கொத்து அத்தையின் இடுப்பில்தான் இருக்கும். அதற்கு முந்தைய வருஷம் அம்மா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தார். கீழாநெல்லியை அரைத்து அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது.

வருஷம் திரும்புவதற்குள் அம்மாவின் தங்கையை அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். நம் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. தென்னூரில் இருந்த தாத்தா, அம்மாவைப் பெற்றவர், பேத்தியை வேறு எவள் கையிலோ கொடுக்க முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சித்தி அம்மாவைவிட எட்டொன்பது வயது இளையவர். பி.யு.சி. முடித்து பி.எஸ்சி. முதல் வருஷத்தில் இருந்தார். அவரிடம் சம்மதம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்கவில்லையே என்று யாரும் சங்கடப்பட்டதாகவும் நினைவில்லை.

எழுதுவதற்காகத்தான் சித்தி என்கிறேன். நேரில் ஒரு நாளும் அப்படி அழைத்ததில்லை. தாலி ஏறிய கையோடு அத்தை என்னை இழுத்து நிறுத்தி, இனிமேல் இதுதான் உன் அம்மா, அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். சித்தி மட்டும் அப்பாவை எப்போதும் போல அத்தான் என்றே அழைத்தார். அக்கா கணவருக்கும் தன் கணவருக்கும் நம் ஊரில் ஒரே சொல்தான் என்பதால் அதில் மாற்ற ஒன்றும் இருக்கவில்லை.

முகம் அம்மாவேதான். அச்சு அசல் என்பார்களே, அது. முதல் நாள் காலையில் பால் ஊற்ற வந்தவர், சொம்போடு கதவைத் திறந்த சித்தியைப் பார்த்துவிட்டுப் பாலைப் படியிலேயே கொட்டிவிட்டு சைக்கிளையும் மறந்து சந்து முனை வரை போய்விட்டார். தெருவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அம்மாவின் ரவிக்கைகள் சித்திக்குக் கச்சிதமாகப் பொருந்தின. ஒரு தையல்கூடப் பிரிக்க வேண்டாம் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லி மாய்ந்தார். அம்மா போல நடு வகிடு, அம்மா போல இடது மூக்கில் மூக்குத்தி, அம்மாவின் அரக்குக் கலர் சேலை, அம்மா உட்காரும் அரிவாள்மணை. பார்க்கிறவர்கள் எல்லாரும், பெருமாள் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்தால் அடுப்படியில் அம்மா நின்றுகொண்டிருப்பார், எனக்கு அழுகை வராது.

ஒன்றுதான் ஒட்டவில்லை. சித்தி கண்ணாடி போட்டிருந்தார். பழுப்பு நிறச் சட்டம், கொஞ்சம் கனமான கண்ணாடி. மூக்கின் இரண்டு பக்கமும் அது அழுத்திய தடம் பட்டாணி அளவுக்குப் பதிந்திருக்கும். கண்ணாடியோடு பார்த்தால் அம்மா காணாமல் போய், தென்னூரில் மாடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த சித்தி வந்துவிடுவார். வந்த ஒரு வாரத்தில் அத்தை அதைப் பதமாக எடுத்துச் சொல்லிவிட்டார். கண்ணாடி போட்டால் முகமே மாறிப்போகிறது, குழந்தை மிரளும், வீட்டுக்குள் என்ன படிக்கவா போகிறோம் என்று. சித்தி கழற்றி அதன் பெட்டிக்குள் வைத்தார்.

அதற்குப் பிறகு சோற்றில் கல் வர ஆரம்பித்தது. தோசை தீய்ந்தது. கோலத்தில் புள்ளி தவறியது. தெருவில் எதிரே வருபவரைப் பார்த்துச் சிரிக்காமல் போனதால் கர்வம் பிடித்தவள் என்று பெயர் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா கல்லைக் கடித்துவிட்டு அதைத் தட்டின் ஓரத்தில் எடுத்து வைப்பார். அத்தைதான், போனவள் கையில் ஒரு நாளும் கல் வந்ததில்லை என்று பெருமூச்சு விடுவார். முகத்தைக் கொடுத்த பெருமாள் கைப்பக்குவத்தைக் கொடுக்க மறந்துவிட்டார் என்று வீட்டில் எல்லாருமே நம்பினோம். படித்த பெண்ணுக்குக் கண் தெரியவில்லை என்கிற எளிய விஷயம் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது எனக்கே கண்புரை ஆபரேஷன் ஆன பிறகு அரிசி பொறுக்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கோடை விடுமுறையில் ஒரு நாள், தென்னூருக்குப் போய்த் தன் அப்பாவைப் பார்த்துவிட்டு வருவதாக அத்தையிடம் சொல்லிவிட்டு சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஒன்றாம் நம்பர் பஸ். காவிரியில் தண்ணீர் இல்லை, பாலத்திலிருந்து பார்த்தால் மணல்தான் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. மெயின்கார்டு கேட்டில் இறங்கியதும் தென்னூருக்குப் போகாமல் தெப்பக்குளத்துப் பக்கம் திரும்பினோம். காலேஜில் கூடப் படித்தவள் ஒருத்தி இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியிருந்தாளாம். தியேட்டரில் ஈயாடியது. பெண்கள் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். கீழே தரை டிக்கெட்டில் வெயிலுக்கு ஒதுங்கிய ஆட்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். விளக்கு அணைந்ததும் சித்தி கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. சித்திதான் என் காதோரம் குனிந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் மூச்சில் ஏலக்காய் வாசம் அடித்தது. சில பேர் ராக்கெட்டில் வெகுதூரம் போகிறார்கள். வழியில் ஏதோ ஒரு வெளிச்சத்துக்குள் புகுந்து வெளியே வருகிறார்கள். பூமிக்குத் திரும்பினால், அவர்கள் ஏற்கெனவே திரும்பிவிட்டார்கள். அதே முகம், அதே குரல், அதே தழும்பு. வெளிச்சத்தில் உண்டான நகல்கள் முன்னாலேயே வந்து சேர்ந்து, அவரவர் வீட்டில் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். தாங்கள் நகல் என்பது அவர்களுக்கே தெரியாது. போனவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. அவள் தன் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். உள்ளே அவளே தன் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். அந்த இடத்தில் சித்தி சொல்வதை நிறுத்திவிட்டார். நான் முழங்கையால் இடித்த பிறகுதான் தொடர்ந்தார்.

கடைசியில் யார் அசல், யார் நகல் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். நகல்களை ஒரு வெள்ளை நடைபாதையில் வரிசையாக அனுப்புகிறார்கள். அதன் முடிவில் வெளிச்சம். ஒவ்வொருவராக அதற்குள் போய்க் கரைந்துபோகிறார்கள். தலை வாரிவிட்டவளும் போகிறாள், கையில் சீப்பு. கீழே படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து விசில் அடித்தார்கள், வில்லன் ஒழிந்தான் என்று நினைத்திருப்பார்கள். நானும் கை தட்டினேன். சித்தி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவ என்ன தப்பு பண்ணா பாப்பா? தலைதானே வாரிவிட்டா" என்றார்.

கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, என் விரலைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படியிறங்கினார். தென்னூருக்கு நாங்கள் போகவே இல்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் அப்பாவிடம் கதை முழுவதையும் கொட்டிவிட்டேன். அத்தையின் முகம் சிவந்தது. அப்பா கோபிக்கவில்லை, சிரித்தார். இது என்ன பெரிய இங்கிலீஷ் கதை, நம் ஊர்ப் பெருமாள் கதைதான் என்றார். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்களுக்குத் தெரிந்ததுதான். படையெடுப்புக் காலத்தில் உற்சவப் பெருமாளை ஊர் ஊராக ஒளித்து எடுத்துக்கொண்டு போனார்கள். போனவர் வருவாரோ மாட்டாரோ என்று இங்கே வேறொருவரைச் செய்து வைத்துப் பூஜை நடந்தது. பல காலம் கழித்துப் போனவர் திரும்பியபோது இரண்டு பேரில் யார் பழையவர் என்று ஊருக்குத் தெரியவில்லை. பழைய காலத்துச் சலவைக்காரர் ஒருவர், கண் தெரியாதவர், ஈர ஆடையின் வாசத்தை வைத்து இவர்தான் நம்பெருமாள் என்று சொன்னாராம். அப்பா அதை ரசித்து ரசித்துச் சொன்னார்.

சித்தி பரிமாறிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றார்.

"அப்ப, அதுவரைக்கும் இருந்தவரை என்ன பண்ணாங்க அத்தான்?"

"என்ன பண்ணுவாங்க, உள்ளதான் இருக்கார். யாகம் நடக்கறப்ப வெளிய வருவாராம்" என்று அப்பா மோருக்குக் கையை நீட்டினார்.

படத்துக்குப் போனதற்காக அத்தை ரகளை எதுவும் செய்யவில்லை. மறுநாள் கண்ணாடிப் பெட்டியை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார், அவ்வளவுதான். கேட்டால் எடுத்துத் தருவேனே என்பார். கேட்கிற மாதிரி சித்தியை அவர் வைத்திருக்கவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. எனக்குப் புதுப் புத்தகம் வந்தது. காக்கித் தாளில் அட்டை போட்டுக் கொடுத்த சித்தி, என் அறிவியல் புத்தகத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் புரட்டினார். அன்று சாயங்காலம் அப்பா கை கால் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குத் துண்டை எடுத்துக்கொண்டு போய், காலேஜில் இன்னும் தன் பெயரை எடுக்கவில்லையாம், விட்ட படிப்பைத் தொடரலாமா என்று கேட்டார். காலையில் சமையலை முடித்துவிட்டே போவதாகவும், நான் பள்ளி விட்டு வருவதற்குள் திரும்பிவிடுவதாகவும் சொன்னார். கண்ணாடி வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். தவிட்டைப் போல உலர்ந்த குரல். ரொம்ப நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு, "உங்க அக்கா எங்கிட்ட கடைசிவரைக்கும் ஒண்ணு கேட்டதில்ல" என்றார்.

கடுமையாகச் சொல்லவில்லை. அம்மாவின் நினைப்பில், ஏக்கத்தோடுதான் சொன்னார். அதனால்தான் சித்தியால் திருப்பிப் பேச முடியவில்லை. துண்டை வாங்கிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனார். நான் கிணற்றடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி படிக்கப் போகக் கூடாது என்று அப்பா சொல்லவில்லையே, ஏன் இவர் போகவில்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை.

ஆடி வந்தது. காவிரியில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. கணவன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போய்விட்ட பெண்ணை வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுகிற வழக்கம் எங்களுக்கு உண்டு. உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். பூவாடைக்காரி என்போம். நடுவீட்டுச் சுவரில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, கீழே மனைப்பலகையில் புதுச் சேலையும் வளையலும் பூவும் வைத்துப் படையல் போடுவோம். அந்தச் சேலையைப் பிறகு வீட்டுச் சுமங்கலி ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டும். கட்டியவள் மேல் போனவள் வந்து பேசுவாள், குறை இருந்தால் சொல்வாள் என்று நம்பிக்கை. அம்மாவுக்கு அதுதான் முதல் படையல்.

கிளிப்பச்சையில் அரக்குக் கரை. அத்தையே கடைக்குப் போய் வாங்கி வந்திருந்தார். தாத்தா தென்னூரிலிருந்து வந்திருந்தார். சொந்தக்காரர்கள் கூடம் நிறைய. மாவிளக்கு நெய் உருகுகிற வாசமும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து தொண்டையைக் கட்டின. சேலையைக் கட்டிக்கொண்டு ஈரத் தலையோடு சித்தி வந்து நின்றபோது கூடத்தில் சத்தம் அடங்கிவிட்டது. தாத்தா வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நானும் ஒரு கணம் எழுந்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தேன், அத்தை என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

கற்பூரத்தைக் காட்டிவிட்டு அத்தை கேட்டார்.

"வந்துட்டியா ஆத்தா? உன் வீடு, உன் புருசன், உன் புள்ளை எல்லாம் நல்லபடியா இருக்கு பாரு. குறை ஏதும் உண்டா?"

சித்தி ஆடவில்லை. மற்ற வீடுகளில் அருள் வருகிறவர்கள் தலைமுடியை விரித்து ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன். சித்தி சும்மா நின்றார், கால் கட்டைவிரல் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அந்தப் புகையில் யாரும் தெரிந்திருக்க முடியாது. பிறகு பேசினார். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுக்கிற குரல், அம்மாவின் குரல்.

"என் தங்கச்சி எங்க?"

மாவிளக்கைத் தாண்டி அவர் பார்வை வாசல்வரை போய் வந்தது.

"உங்களை நம்பித்தானே அனுப்பினேன். வீடு பூரா தேடிட்டேன். அவளைக் காணோமே."

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை நான் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். அம்மாவே வந்து கேட்டாரா, சித்தி தனக்காகத் தானே கேட்டுக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. தன் வாயால் கேட்டபோது அப்பா காதில் விழாதது அக்கா வாயால் கேட்டால் விழும் என்று நினைத்திருக்கலாம். யார் கேட்டிருந்தாலும் அதற்கு, இதோ நிற்கிறாளே என்கிற ஒரே பதில்தான் இருந்தது, அந்தக் கூடத்தில் அது ஒருவர் வாயிலிருந்து வந்தாலும் போதுமாக இருந்தது. அப்பா நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வருவது போல உதடு பிரிந்தது. ஒரு கணம் அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்குள் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கேட்டியா தம்பி? தங்கச்சிக்குன்னு ஒண்ணும் வைக்கலேல்ல, மனசு தாங்காம கேக்கறா. மன்னிச்சுக்க ஆத்தா. அடுத்த ஆடியிலேருந்து உன் தங்கச்சிக்கும் ஒரு சேலை சேத்து வச்சிடறோம்."

கூடம் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அக்கா தங்கை பாசம் என்றால் இதுதான், செத்தும் விடவில்லை பார் என்று ஆளாளுக்கு உருகினார்கள். அப்பாவும் கையைக் கூப்பிவிட்டார். சித்தி அத்தை இருந்த திசையைப் பார்த்தார். பிறகு இலை போடச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அன்று எல்லாருக்கும் அவர்தான் பரிமாறினார். படிப்பைப் பற்றியோ கண்ணாடியைப் பற்றியோ அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த ஆடியில் சொன்னபடி இரண்டு சேலைகள் வைத்தார்கள். இறந்துபோன அம்மாவுக்கு ஒன்று. அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்த சித்திக்கு ஒன்று, அதே மஞ்சள் சுவருக்கு முன்னால், அதே குங்குமத்தோடு. அவரே வந்து இரண்டுக்கும் பூ வைத்தார். வருஷா வருஷம் அது நடந்தது. தம்பி பிறந்தான். சித்தி எங்கள் இருவரையும் வளர்த்து ஆளாக்கினார். நாளாக நாளாகக் கையால் தடவியே கல் பொறுக்கப் பழகிவிட்டதால் சோற்றில் கல் வருவது நின்றது. அம்மா மாதிரியே ஆகிவிட்டாள் என்று அத்தை சாகும்வரை சொல்லிச் சந்தோஷப்பட்டார். என்னைக் காலேஜில் சேர்க்க அப்பாவிடம் வாதாடியது சித்திதான். தன் பெயரால் கேட்டால் நடக்காது என்று தெரிந்து, அக்கா இருந்திருந்தால் படிக்க வைத்திருப்பாள் என்று சொல்லி வாங்கிக் கொடுத்தார்.

சித்தியும் அப்பாவுக்கு முன்னாலேயே போய்விட்டார். மாரடைப்பு, ஒரு மத்தியான நேரத்தில். பூவும் பொட்டுமாகத்தான் போனார், கொடுத்துவைத்தவள் என்றார்கள். எனக்கு இரண்டாவது முறையாக அம்மா செத்தது போல இல்லை. அம்மா செத்தபோது அழுததைவிட அதிகமாக அழுதேன், சித்தி என்று வாய்விட்டுக் கூப்பிட்டு அழுதேன். இழவுக்கு வந்தவர்கள் இவள் எந்தச் சித்தியைச் சொல்கிறாள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வருஷ ஆடிப் படையலுக்கு ஏற்பாடு செய்தது தம்பி மனைவி. நல்ல பெண், எதையும் கேட்டுக் கேட்டு முறைப்படி செய்கிறவள். இப்போது இவர்களும் பூவாடைக்காரி ஆகிவிட்டார்களே, எத்தனை சேலை எடுக்க வேண்டும் என்று பெரியவர்களிடம் கேட்டாள். மூத்தவளுக்கு ஒன்று, இளையவளுக்கு ஒன்று, அவளுக்குத்தான் முன்னமேயே வைத்துக்கொண்டு வருகிறோமே, புதிதாக என்ன என்று பதில் வந்தது. எப்போதும் போல இரண்டு சேலைதான் எடுத்தார்கள். சித்தி செத்துப்போனதற்காக எங்கள் வீட்டில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.